எளிமையும் பயனர் கட்டுப்பாடும்: க்னோம் பணிமேடை வடிவமைப்பு குறித்த ஒரு திறனாய்வு

லினக்ஸ் பணிமேடைச் சூழல்களுள் க்னோம் எளிமையையும் கேடிஇ பயனர் கட்டுப்பாட்டையும் முதன்மைப்படுத்துவன என்பது பரவலான மதிப்பீடு. இது அவ்விரண்டையும் எதிரெதிர்ப் பண்புகளாகக் கொள்கிறது. ஆனால், க்னோமின் வரலாற்றை நோக்கின், நீக்கப்பட்ட கட்டுப்பாட்டின் பெரும்பகுதி வேறோரிடத்தில் மீண்டும் தோன்றியமை புலனாகும். அதனால் விளைந்த சுமை எவர்மேல் விழுந்தது என்பதே திறனாய்வுக்குரிய வினா.

எளிமையின் நியாயம்

2002இல் வெளிவந்த க்னோம் 2, முந்தைய பதிப்பில் குவிந்திருந்த விருப்பத்தேர்வுகளைப் பெருமளவு குறைத்தது. அதன் நிரலர்களுள் ஒருவரான ஹேவக் பென்னிங்டன், ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் ஒரு செலவு உண்டென வாதிட்டார். இருநிலைத் தேர்வுகள் 10 இருப்பின் அவற்றின் சேர்க்கைகள் 1,024 ஆகும். அனைத்தையும் சோதித்தல் அரிது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ், க்னோம் பயனரை அறிவற்றவராகக் கருதுகிறது எனக் கண்டித்துக் கேடிஇயைப் பரிந்துரைத்தார். அக்கண்டனத்தில் நியாயம் உண்டெனினும், பென்னிங்டன் சுட்டிய சோதனைச் சுமை அதனால் மறைந்துவிடாது.

இடம்பெயர்ந்த கட்டுப்பாடு

2011இல் வெளிவந்த க்னோம் 3, சாளரத்தைச் சிறிதாக்கும், பெரிதாக்கும் பொத்தான்களை இயல்பமைவிலிருந்து நீக்கியது. விரும்பியோர் தனிக் கருவி வழியே அவற்றை மீட்டனர். பழைய சூழலைக் கைவிட விரும்பாதோர் க்னோம் 2இன் மூலநிரலிலிருந்து மாட்டேயைக் கிளைத்தெடுத்தனர். லினக்ஸ் மின்ட் குழுவினர் சின்னமனை உருவாக்கினர். வேறு பலர் நீட்சிகளை நாடினர். நீட்சிகள் க்னோம் ஷெல்லின் உள்நிரலையே நேரடியாகத் தொட்டு மாற்றுவன. ஆதலின் 2023இல் க்னோம் 45 நிரற்கூறுகளை ஏற்றும் முறையை மாற்றியபோது, பழைய நீட்சிகள் அனைத்தும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. அமைப்புத் திரையில் இருக்கும்வரை ஒரு தேர்வைப் பேணுதல் திட்டத்தின் கடமை. நீட்சியானபின் அது பெரும்பாலும் தனி நிரலர் ஒருவரின் பொறுப்பு. சோதனைச் சுமை இவ்வாறு கைமாறியது.

இயல்பில் எளிமை, தேவையின்போது ஆற்றல் என்பது கேடிஇ பிளாஸ்மாவின் கொள்கை. இக்கொள்கை பொருத்தமானதே, ஆயினும் அதன் அமைப்புத் திரைகளின் பெருக்கம் புதிய பயனரைத் தடுமாறச் செய்கிறது.

முடிவுரை

தேர்வுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பணிமேடையொன்றின் தரத்தை அளத்தல் பொருந்தாது. நீக்கப்பட்ட தேர்வை மீட்கும் வழி வெளிப்படையானதா, அது அடுத்த பதிப்பிலும் நிலைக்குமா என்பனவே தக்க அளவுகோல்கள். நீட்சிகளுக்கு முழு நிலைத்தன்மை வழங்குவது ஷெல்லின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்பது உண்மை. எனினும், மிகுதியும் நாடப்படும் சில பயன்பாடுகளுக்கேனும் அவ்வுறுதி அளிக்கப்படாதவரை, க்னோமின் எளிமை பிறர் உழைப்பைச் சார்ந்தே நிற்கும்.