கொட்டுக்காளி: பாட்டு கேட்டதும் அடி விழுகிறது

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்டில் வந்தபோது, “பின்னணி இசையே இல்லாத படம்” என்பதுதான் பெரிய பேச்சு. சரி, இசை இல்லை. அந்த இடத்தில் என்ன இருக்கு? எனக்கு அதுதான் கேள்வி.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். பாட்டு இல்லாத படம் வேறு, பின்னணி இசை இல்லாத படம் வேறு. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) இரண்டிலும் பாட்டு கிடையாது, இசை உண்டு. ‘வீடு’ படத்தில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஒலிக்கும். வினோத்ராஜ் அதையும் எடுத்துவிட்டார்.

மீனா (அன்னா பென்) வேற சாதிப் பையனை விரும்புகிறாள். ஏதோ பிடிச்சிருக்குன்னு சொல்லி, முறைமாப்பிள்ளை பாண்டியும் (சூரி) சொந்தபந்தமும் ஒரு சேவலோடு அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கு, சுண்ணாம்பு தடவியிருக்கிறான். மீனா வாயே திறப்பதில்லை. ரெண்டு பேர் குரலும் அடைபட்டதால் மற்ற சத்தங்கள் முன்னால் வந்துவிடுகின்றன.

இதை “இயற்கையான ஒலி”ன்னு சொல்லிட்டுப் போறது எளிது. எங்க செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று, போனில் ரெண்டு நிமிஷம் சத்தத்தைப் பதிவு பண்ணிக் கேட்டுப் பாருங்க. வத்தலக்குண்டு பஸ் ஹாரன், பழனிக்கு ஆள் கூப்பிடும் கண்டக்டர், டீக்கடை ரேடியோ எல்லாம் ஒரே கூழாக வரும். நேரில் நிற்கும்போது காது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். மைக்குக்கு அது தெரியாது. படத்தில் அந்தப் பொறுக்குகிற வேலையை ஒலி வடிவமைப்பவர் செய்தாக வேண்டும். ஆட்டோ இன்ஜின் எப்போது பேச்சை அமுக்கணும், எப்போது அடங்கணும் என்பது யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு.

படத்தின் முக்கியமான இடம் இங்கேதான் வருது. வழியில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு கேட்கிறது. மீனா அதோடு சேர்ந்து மெல்ல முணுமுணுக்கிறாள். பாண்டிக்கு வெறி ஏறுகிறது. அவளை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களுக்கும் விழுகிறது. இசையே வேண்டாம் என்று முடிவெடுத்த படத்தில், அத்தனை வன்முறைக்கும் காரணம் ஒரு பாட்டு! வழக்கமான படமாக இருந்தால் வயலின் மீனாவுக்காக அழுதிருக்கும், அடிக்கு முன்னால் டிரம்ஸ் எச்சரித்திருக்கும். நாமும் தயாராகியிருப்போம். இங்கே அந்தத் தயவு இல்லை. அதற்கு முன்னாலும் இசை ஓடியிருந்தால் இந்தப் பாட்டு காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம்.

எடிட்டிங்கும் (கணேஷ் சிவா) இதே பிடிவாதம்தான். நடுரோட்டில் மாடு மறிக்கிறது, இத்தனை பெரியவங்களும் திணறுகிறார்கள். கட் பண்ணி அவசரப்படுத்தாமல் நம்மையும் காக்க வைக்கிறார்கள். அதனால்தான் ஒரு சின்னப் பொண்ணு வந்து சாதாரணமாக மாட்டை நகர்த்தும்போது சிரிப்பு வருது.

குறை இல்லாமல் இல்லை. நடப்பவர் பின்னாலேயே கேமரா போவது ‘கூழாங்கல்’ படத்தில் தேவையாக இருந்தது. அப்பனும் மகனும் வெயிலில் நடப்பதுதான் அங்கே கதை. இங்கே சில இடங்களில் அது வெறும் பழக்கமாகத் தெரிகிறது.

போன் ஸ்பீக்கரில் மட்டும் பார்க்காதீங்க. மீனாவின் முணுமுணுப்பு கேட்காது. பாண்டி ஏன் அடிக்கிறான் என்றே புரியாமல் போய்விடும்.