எஸ்.யு. கார்புரேட்டர்: எளிமையின் நிறையும் குறையும்

"ஒரே ஜெட், ஒரே ஊசி, இதைவிட எளிய கார்புரேட்டர் வேறில்லை." இங்கிலாந்தின் பழைய கார்களில் உள்ள எஸ்.யு. கார்புரேட்டரைப் பற்றிப் பலரும் கூறும் புகழுரை இது. இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

1962 முதல் 1098 க.செ.மீ. எஞ்சினுடன் வந்த மோரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது எச்.எஸ்.2 வகை, காற்றுப்பாதையின் விட்டம் 1¼ அங்குலம். சாதாரணக் கார்புரேட்டரில் காற்று செல்லும் குறுகலான பகுதியின் அளவு மாறாதது. காற்றோட்டம் மிகும்போது பெட்ரோல் அதைவிட வேகமாக மிகுந்துவிடும். இதைத் திருத்தத் துணை ஜெட்டுகள் தேவைப்படும். எஸ்.யு.வில் குறுகலான பகுதியே விரிந்து சுருங்குகிறது. எஞ்சினின் உறிஞ்சுதலால் ஒரு பிஸ்டன் மேலெழும்புகிறது. அதனுடன் கூர்நுனி ஊசியும் உயர்ந்து ஜெட்டின் வாயைத் திறக்கிறது. ஜெட்டின் மேல் காற்றின் வேகம் ஏறத்தாழ மாறாதிருக்கும். பிஸ்டனுள் உள்ள எண்ணெய் அது எழும்பும் வேகத்தைத் தணித்து, திடீரென முடுக்கும்போது கலவையைச் சிறிது நேரம் செறிவாக்குகிறது. இதனை அழகிய கருத்து என ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் எளிமை என்பது தேயாமை ஆகாது. ஊசி நடுவில் நில்லாமல் ஜெட்டில் உரசினால் ஜெட்டின் வட்டம் முட்டை வடிவாகும். பிஸ்டனைத் தூக்கிவிட்டால் 'டக்'கென்ற ஓசையுடன் விழ வேண்டும். இல்லையேல் ஜெட்டை நடுநிலைப்படுத்த வேண்டும். பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்ட இணை. எமரித் தாளால் தேய்த்தால் அந்தப் பொருத்தம் கெடும்.

பெரிய குறை வேறிடத்தில் உள்ளது. த்ராட்டில் தண்டு தேய்ந்தால் அதன் ஓரமாகக் கணக்கில் வராத காற்று புகும். எஞ்சின் ஐடிலில் தள்ளாடும். உடனே பலர் ஜெட்டின் நட்டைத் திருப்பி ஜெட்டைக் கீழிறக்குவார்கள். ஐடில் சீராகும், ஆனால் எல்லா வேகங்களிலும் கலவை செறிவாகிப் பெட்ரோல் வீணாகும். நோய் தண்டில் இருக்க, மருந்து ஜெட்டிற்குத் தரப்படுகிறது. கேஸ்கெட்டுகளை மட்டும் மாற்றிவிட்டுப் "புதுப்பித்தேன்" என்பதும் இத்தகையதே.

டியூனிங் விதிகளும் விமரிசனத்திற்கு உரியவை. ஜெட்டை முழுவதும் உயர்த்தி, ஆறு பக்க நட்டை இரண்டு சுற்று இறக்குக என்பது தொடக்க அளவு. பின்னர் பிஸ்டனை 1/32 அங்குலம் தூக்கிப் பார்ப்பார்கள். எஞ்சினின் வேகம் கூடி நிலைத்தால் கலவை செறிவு. உடனே குறைந்தால் மெலிவு. கணப்பொழுது சற்றே கூடி மீண்டால் சரி. நுட்பமான சோதனைதான். ஆனால் அது ஐடிலுக்கு மட்டுமே சான்று. நட்டு ஜெட்டை உயர்த்தும், தாழ்த்தும்; ஊசியின் சரிவை மாற்றாது. தவறான ஊசி உள்ள கார் ஐடிலில் தேர்வு பெற்றுச் சாலையில் தோற்கலாம். வால்வு இடைவெளி, பாயிண்ட், ப்ளக், இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைச் சரிசெய்யுமுன் இச்சோதனையில் இறங்குவதும் பயனற்றது.

பழைய எண்களையும் அப்படியே நம்புதல் கூடாது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனின் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் உள்ளது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அது எரியத் தேவையான காற்று குறைவு. ஜெட்டோ கன அளவில்தான் அளக்கிறது. ஆகவே பழைய அமைப்பில் கலவை ஏறத்தாழ 4 சதவீதம் மெலிகிறது. பழைய ரப்பர்ப் பகுதிகளையும் எத்தனால் பாதிக்கக்கூடும்.

முடிவாக, எஸ்.யு. நல்ல கருவி; அதைப் பற்றிய புகழுரையே அரைகுறையானது. பகுதிகள் குறைந்ததால் சிந்தனையும் குறையலாம் என்று எண்ணுவதே தவறு. ஸ்பேனரை எடுக்குமுன் "காற்று எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கும் மாணவனே இக்கருவியைப் புரிந்துகொண்டவன்.