மார்பு அசைந்தால் மூச்சு வந்துவிட்டதா?

"பேஸ்மேக்கர் மூச்சை அளக்கிறது" என்ற வாக்கியத்தை எத்தனை ஆய்வுக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு நெருடல் வரும். அது அளப்பது மூச்சை அல்ல, மார்பின் மின்தடையை. இரண்டும் ஒன்றுதானே, இதுல என்ன பெரிய வித்தியாசம்னு கேட்கலாம். பெரும்பாலான நேரம் ஒன்றுதான். ஒன்றாக இல்லாத நேரத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் வேலை செய்யும் விதம். இதயத்துக்குள் போகும் கம்பிக்கும், காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும் பெட்டிக்கும் இடையே மிகச் சிறிய மின் துடிப்புகளை அனுப்புகிறார்கள். இதயத்தைத் துடிக்க வைக்கும் அளவுக்கு அதில் வலு கிடையாது. மூச்சை இழுத்தால் நுரையீரலில் காற்று நிறைகிறது, மின்தடை ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது. ஏறி இறங்கும் அந்த அலையின் வேகத்தையும் உயரத்தையும் சேர்த்தால் நிமிடத்துக்கு எவ்வளவு மூச்சு என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். லிட்டர் கணக்கில் இல்லை. "சற்று முன் இருந்ததைவிட இப்போது அதிகம்" என்ற அளவில்தான்.

எதற்காகச் செய்தார்களோ அதற்கு இது போதும். மாடிப்படி ஏறும்போது தானாக வேகம் கூட்டத் தெரியாத இதயத்துக்கு, மூச்சு வாங்குவதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் கொடுப்பதுதான் நோக்கம். 1980களில் டெலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த மெட்டா எம்.வி. அப்படிப்பட்ட கருவி. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

ஆனால் கருவிக்குக் காற்று தெரியாது, மின்சாரம்தான் தெரியும். அதன் விளைவை 1998லேயே பார்த்துவிட்டார்கள். மருத்துவமனை மானிட்டர்கள் சிலவும் இதே மாதிரி மார்புக்குள் சிறு மின்சாரம் அனுப்பித்தான் மூச்சை எண்ணுகின்றன. அந்தச் சமிக்ஞையைப் பேஸ்மேக்கர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, படுக்கையில் சும்மா கிடக்கும் நோயாளியின் இதயத்தை உச்ச வேகத்தில் ஓட்டியது. அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கை அனுப்ப வேண்டி வந்தது. 2017 டிசம்பரில் பாஸ்டன் சயன்டிஃபிக் வெளியிட்ட எச்சரிக்கை இதற்கு நேர் எதிர். கம்பி இணைப்பில் விட்டுவிட்டுக் கோளாறு வந்தால், மூச்சை அளக்க அனுப்பிய சமிக்ஞையையே கருவி இதயத் துடிப்பு என்று நினைத்துக்கொண்டு, "இதயம் தானே துடிக்கிறதே" என்று வேலையை நிறுத்திவிடும். பேஸ்மேக்கரையே முழுக்க நம்பி இருப்பவருக்கு மயக்கம் வரும். சென்சாரை அணைத்து வையுங்கள் என்று அறிவுறுத்தினார்கள்.

சரி, இதெல்லாம் பொறியியல் கோளாறு, திருத்திவிடலாம். எனக்கு உறுத்துவது இதே அலையை வைத்துத் தூக்க மூச்சுத்தடையைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லும் ஆய்வுகள்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்க. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, ஒரு கையை மார்பில் வைத்து மூச்சை இழுக்க முயலுங்கள். காற்று ஒரு சொட்டுகூடப் போகாது. மார்பு அசையும். தொண்டை அடைத்துக்கொள்ளும் வகை மூச்சுத்தடையில் இரவு முழுக்க நடப்பது இதுதான். மின்தடை அலையின் உயரம் குறையலாம், போதிய அளவு குறையாமலும் போகலாம். இன்னொரு வகையில் மூளையே கட்டளை அனுப்புவதை நிறுத்துகிறது, மார்பு அசையாது. அதை இந்தச் சென்சார் நன்றாகவே பிடிக்கும்.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2014ல் வந்த ட்ரீம் ஆய்வு. சோரின் நிறுவனப் பேஸ்மேக்கரை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் செய்தது. தூக்க ஆய்வகத்தில் மணிக்கு 30 தடைக்கு மேல் வந்தால் தீவிர நோய். கருவியின் கணக்கில் 20ஐ எல்லையாக வைத்தால் உணர்திறன் 88.9 சதவீதம், குறிதிறன் 84.6 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. பின்னமாக்கிப் பார்த்தால் 18ல் 16, 13ல் 11. இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு நம்பிக்கை இடைவெளியை நானே போட்டுப் பார்த்தேன்: உணர்திறன் 67 முதல் 97 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், குறிதிறன் 58 முதல் 96 வரை. அந்த 20 என்ற எல்லையும் அதே நோயாளிகளின் தரவிலிருந்தே தேர்ந்தெடுத்தது. சட்டையை ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டு, அவருக்கே போட்டுப் பார்த்து "கச்சிதம்" என்பது போல. ஆய்வு ஆரம்ப நிலையில் இருக்கும்போது இப்படிச் செய்வது வழக்கம்தான், அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. குறை, அந்த எண்ணைத் தசம புள்ளியோடு தூக்கிக்கொண்டு திரியும் பின்னால் வந்தவர்கள் மேல்.

இன்னொன்று. அந்தக் குழுவில் பாதிக்கு மேல் தீவிர நோயாளிகள். அதே கருவியை நூறில் 20 பேருக்கு மட்டும் தீவிர நோய் உள்ள கூட்டத்தில் வைத்தால்? சுமார் 18 பேரைப் பிடிக்கும், நோய் தீவிரமில்லாத 80 பேரில் 12 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 30 பேரில் 12 பேருக்கு வீண் கவலை.

தப்பாப் பிடிச்சா என்ன, ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துக்கலாமே என்பார்கள். அனுப்பினால் சரி. அனுப்பாமல் எண்ணை மட்டும் பார்த்துச் சிகிச்சை தொடங்கினால்தான் ஆபத்து. 2015ல் வந்த செர்வ்-எச்.எஃப். ஆய்வை நினைவுபடுத்திக்கொள்ளலாம். இதயத்தின் இறைப்புத் திறன் குறைந்து, மூளை சார்ந்த மூச்சுத்தடையும் உள்ள 1,325 பேர். தகவமைத்துக் காற்றைத் தள்ளும் முகமூடிக் கருவி கொடுத்ததில் தடைகள் குறைந்தன, இதய நோயால் இறப்பு கூடியது. அதாவது எந்த வகைத் தடை என்பதுதான் முழு விஷயமே. மார்பின் மின்தடை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

இந்தத் துறை ஒருமுறை சூடுபட்டதும் உண்டு. 2002ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில், பேஸ்மேக்கரைச் சற்று வேகமாக ஓட்டினாலே மூச்சுத்தடை பாதிக்கு மேல் குறைகிறது என்று 15 பேரை வைத்து ஒரு கட்டுரை வந்தது. பெரிய பரபரப்பு. 2005ல் அதே இதழில் 16 பேரை வைத்து இன்னொன்று: அப்படி ஒன்றும் குறையவில்லை.

இவ்வளவு சொன்னாலும், ஆய்வகத்தால் தரவே முடியாத ஒன்று இந்தக் கருவியிடம் இருக்கிறது. ஆய்வகம் ஒரு ராத்திரியைத்தான் பார்க்கும், அதுவும் தலையெல்லாம் வயர் ஒட்டிய அந்நியப் படுக்கையில். பேஸ்மேக்கர் வருடக்கணக்கில், அவரவர் வீட்டுக் கட்டிலில், ஒவ்வொரு ராத்திரியையும் பார்க்கிறது. ஒரே ஆளுக்குப் போன மாதத்தைவிட இந்த மாதம் மோசமா என்ற கேள்விக்கு லிட்டர் தேவையில்லை, ஏற்ற இறக்கம் போதும். கருவி முதலில் செய்யப்பட்டதே அதற்குத்தானே. ஒரு தனி ஆளின் முந்நூறு இரவுகளை அப்படியே, சராசரி எடுக்காமல், அட்டவணையாகப் போட்ட கட்டுரையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.