க்ராட்சிட் வீட்டு வாத்தும் எங்கள் வீட்டு ஏகாதசியும்

2020-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே வைகுண்ட ஏகாதசியும். ஸ்ரீரங்கத்தில் விடியற்காலையில் சொர்க்கவாசல் திறந்தார்கள். கொரோனா காலம் என்பதால் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு. திருவானைக்காவலில் நாங்கள் குடியிருந்த தெருவில் அன்று பல வீடுகளில் உலை வைக்கவில்லை. ஏகாதசிக்கு அரிசி ஆகாது, பலகாரம்தான். மாடி போர்ஷனில் நாங்கள் மூன்று பேர், பண்டிகைக்கு என்ன சமைப்பது என்று மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்பாவுக்கு மட்டன் பிரியாணி. அவர் முதலில் சட்டம் பேசினார்: வெள்ளிக்கிழமை என்றாலும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா, அதனால் சுத்தபோசனம் கிடையாது, சபையே விட்டுக்கொடுக்கிறது. அம்மாவுக்குச் சபையைப் பற்றிக் கவலை இல்லை. "கீழ ஏகாதசிங்க. குக்கர் விசில் அடிச்சா மசாலா வாசனை நேரா அவங்க கூடத்துலதான் இறங்கும்" என்றாள். வாடகைக்கு வரும்போது வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே "நான்வெஜ் அடிக்கடி இருக்காதுல்ல?" என்று கேட்டதும், அப்பா அதே சிரிப்போடு தலையாட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் யாரும் வரையறுத்துக்கொண்டதில்லை.

அந்த மூன்று நாளில்தான் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' நாவலை முழுசாகப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் சுருக்கின பதிப்புதான் பாடம். அதில் ஸ்க்ரூஜ் கஞ்சன், மூன்று ஆவிகள் வருகின்றன, திருந்துகிறான், வான்கோழி வாங்கிக் கொடுக்கிறான், அவ்வளவுதான். முழு நாவலைப் படித்தபோது வேறு ஒரு புத்தகம் கையில் இருந்தது. ஒரு ஏழைக் குடும்பம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டைத் தனக்குத் தானே தேர்ந்துகொள்வதைப் பற்றி இவ்வளவு கூர்மையாக எழுதப்பட்ட பக்கங்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அதே நாவல் கடைசியில் அந்தத் தேர்வை அவர்களிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. இதை யாராவது முன்னால் சொல்லியிருக்கலாம். எனக்கு அது அந்த வருஷம்தான் உறைத்தது.

முதலில் கணக்கு. ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங் சம்பளம். வீட்டில் ஆறு பிள்ளைகள், அப்பா அம்மாவோடு சேர்த்து எட்டுப் பேர். 1843 டிசம்பர் 19-ஆம் தேதி வெளிவந்த அந்தப் புத்தகத்தின் விலை 5 ஷில்லிங். அதாவது, தன் கதை எழுதியிருக்கிற புத்தகத்தை வாங்க பாப் தன் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். முதல் அச்சு 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. வாங்கினவர்களில் பாப்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அந்தச் சம்பளத்தில் அவர்கள் ஒரு கூஸ் வாங்குகிறார்கள். நம் ஊர் வாத்தைவிடப் பெரிய, வீட்டில் வளர்க்கிற பெருவாத்து. அது ஒன்று எட்டுப் பேருக்குக் காணாது. எனவே உருளைக்கிழங்கு மசியல், ஆப்பிள் சாஸ் இரண்டையும் வைத்து இட்டு நிரப்புகிறார்கள். நம் வீட்டில் அரைக் கிலோ கறியை எட்டுப் பேருக்குக் கொண்டுசெலுத்த உருளைக்கிழங்கு போடுவதில்லையா, அதேதான். சாப்பிட்டு முடித்ததும் மிஸஸ் க்ராட்சிட் தட்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன எலும்புத் துணுக்கைப் பார்த்து, பாருங்கள், முழுசாகக்கூடச் சாப்பிட்டு முடிக்கவில்லை என்று மகிழ்ச்சியோடு சொல்கிறாள். மிச்சம் இருந்தது என்று காட்ட ஓர் எலும்பு போதும் அவளுக்கு.

அடுத்து புட்டிங். அது வேகிற இடம் துணி வெளுக்கிற கொப்பரை. அதனால் புட்டிங் வெளியே வரும்போது வீடே துணி துவைக்கிற நாள் மாதிரி மணக்கிறது. டிக்கன்ஸ் வறுமையை 'வறுமை' என்று எழுதாமல் வாசனையாக எழுதுகிறார். புட்டிங் சரியாக வெந்திருக்குமா, எடுக்கும்போது உடைந்துவிடுமா, யாராவது கொல்லைச் சுவர் ஏறித் திருடிப் போயிருப்பார்களா என்று அந்த அம்மாளுக்கு ஒரே பதைப்பு. திருடன் வரை யோசிப்பவள் உண்மையில் பயப்படுவது மாவின் அளவைப் பற்றி. புட்டிங் நன்றாக வந்த பிறகுதான் அந்தச் சந்தேகத்தை ஒப்புக்கொள்கிறாள். எல்லோரும் புகழ்கிறார்கள். இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு இது சின்னப் புட்டிங் என்று யாரும் சொல்வதில்லை. நினைப்பதுகூட இல்லை என்கிறார் ஆசிரியர். சொல்லியிருந்தால் அது மத விரோதம் மாதிரி ஆகியிருக்கும் என்கிறார். விளையாட்டாகச் சொல்வதுபோல் இருந்தாலும் அந்த வீட்டின் உண்மையான மதம் அந்த மௌனம்தான்.

இந்த மௌனத்தைப் பலரும் அன்பு என்று வாசிக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் வாசித்தேன். இப்போது அது அன்பும் வெட்கமும் பிரிக்க முடியாமல் பிசைந்த மாவு என்று தோன்றுகிறது.

நாவலில் நான் தேடிப்போகாமல் அகப்பட்ட இடம் ஒன்று உண்டு. க்ராட்சிட் வீட்டில் வாத்தைச் சுட அடுப்பு கிடையாது. லண்டன் ஏழைகள் அன்றைக்குத் தங்கள் கறியை ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோய் அங்கே சுட்டு வாங்கி வருவார்கள். (பொன்மலையில் இருந்த என் பாட்டி கேக் மாவை ட்ரேயில் ஊற்றி பேக்கரிக்குக் கொடுத்தனுப்பியதாகச் சொல்வார். அதனால் இந்த இடம் எனக்குப் பழக்கப்பட்ட தெருவாக இருந்தது.) இந்த ரொட்டி அடுப்புகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மூட வேண்டும் என்று அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மசோதாக்கள் வந்தன. கர்த்தருடைய நாள், வேலை கூடாது. ஆண்ட்ரூ அக்னியூ என்ற உறுப்பினர் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். பணக்காரன் வீட்டில் சொந்த அடுப்பும் சமையல்காரியும் உண்டு, அங்கே ஞாயிறு கறி வேகும். தெருவில் இருப்பவனுக்கு மட்டும் வேகாது. இதை எதிர்த்து டிக்கன்ஸ் 1836-லேயே ஒரு சிறு நூல் எழுதியவர்.

ஏழு வருஷம் கழித்து அதே கோபத்தைக் கதைக்குள் வைக்கிறார், அதுவும் ஸ்க்ரூஜின் வாயில். ஸ்க்ரூஜ் ஆவியிடம் கேட்கிறான்: நீங்கள் ஏன் இந்த ஏழைகளின் சின்னச் சந்தோஷத்தில் கை வைக்கிறீர்கள்? அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒரே நாளில் கடையை மூடச் சொல்கிறீர்களே? ஆவி திகைக்கிறது. நானா? உங்கள் பெயரால்தானே செய்கிறார்கள் என்கிறான் ஸ்க்ரூஜ். அதற்கு ஆவி சொல்வதன் சாரம்: எங்களைத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு, எங்கள் பெயரால் தங்கள் கர்வத்தையும் வெறுப்பையும் நடத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் எங்களுக்கு அந்நியர்கள். கணக்கை அவர்கள் பேரில் எழுது.

நாங்கள் படித்த பள்ளிப் பதிப்பில் இந்தப் பகுதி இல்லை. கதை ஓட்டத்துக்கு இது தேவையில்லை என்று வெட்டியிருப்பார்கள். எனக்கோ கதையே இங்கேதான் இருக்கிறது. அடுத்தவன் அடுப்பில் என்ன வேகலாம், எந்த நாளில் வேகலாம் என்பதைப் பக்தியின் பெயரால் யார் முடிவுசெய்வது என்ற கேள்வியை டிக்கன்ஸ் கேட்டுவிட்டுத்தான் க்ராட்சிட் வீட்டுக் கதவைத் திறக்கிறார்.

இதற்குப் பிறகு வான்கோழி வருவதுதான் எனக்கு ஏமாற்றம். காலவரிசையைக் கவனியுங்கள். ஸ்க்ரூஜ் ஆவியோடு பார்த்த விருந்து ஒரு காட்சி. அவன் கண்விழிப்பது அதே கிறிஸ்துமஸ் காலையில். அதாவது அந்த வாத்துச் சாப்பாடு இனிமேல்தான் நடக்க வேண்டும். அவன் கடையில் தொங்கும் பரிசு வான்கோழியை வாங்கி, டைனி டிம்மைப் போல இரண்டு மடங்கு இருக்கும் என்று சிரித்து, வண்டி வைத்து அனுப்புகிறான். யார் அனுப்பினது என்று சொல்லவில்லை. அந்த நாகரிகம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரொட்டிக் கடையில் வெந்துகொண்டிருந்த வாத்து என்ன ஆனது? டிக்கன்ஸ் சொல்வதில்லை. அந்த வான்கோழியை அவர்கள் சாப்பிடுவதையும் நாம் பார்ப்பதில்லை. மறுநாள் பாப் ஆபீசுக்குப் பதினெட்டரை நிமிஷம் லேட்டாக வருகிறான், அவ்வளவுதான் தகவல். உலகமே நினைவில் வைத்திருக்கிற அந்த வாத்து விருந்து, கதையின் நிஜத்தில் ஒருவேளை நடக்கவே இல்லை. எட்டுப் பேர் கூடி, கணக்குப் பார்த்து, இட்டு நிரப்பி, குறையைச் சொல்லாமல் காப்பாற்றின சாப்பாட்டை ஒரு பெரிய பறவை வந்து மூடிவிட்டது. தர்மம் செய்கிறவன் எதிராளியின் மெனுவையும் சேர்த்து எழுதிவிடுகிறான்.

தமிழில் இதற்கு நேர் எதிர்முனையில் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இருக்கிறது. ஆரோக்கியம் கத்தோலிக்கப் பெண், துணி வெளுக்கிறவள், வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வருகிறவள். நாவலைச் சாதி பற்றியதாக எல்லோரும் வாசித்தாயிற்று, சரிதான். சமையல் பற்றியதாகவும் வாசிக்கலாம். ஊர் என்ன சமைத்ததோ அதுதான் அவள் வீட்டுச் சாப்பாடு. மிஸஸ் க்ராட்சிட் மாவின் அளவைப் பற்றிக் கவலைப்படுவது ஆரோக்கியத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வசதி, மாவு அவளுடையது. டிக்கன்ஸைத் தனியாகப் படித்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. நம் சினிமா இந்த இரண்டு இடத்துக்கும் வருவதில்லை. அங்கே கிறிஸ்தவ வீடு என்றால் பியானோ, கேக், ஒரு ஒயின் பாட்டில். அந்த வீட்டில் மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்று கேமரா கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா தேங்காய்ப்பால் சோறும் காய்கறிக் குருமாவும் செய்தாள். குருமாவில் பட்டை, கிராம்பு வழக்கத்தில் பாதி. எங்கள் வீட்டில் அச்சுமுறுக்கு மாவில் முட்டை ஊற்றுவது வழக்கம். அந்த வருஷம் ஊற்றவில்லை, கீழே கொடுக்க வேண்டுமே. அப்பா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு "நல்லாதான் இருக்கு" என்றார். அந்த 'தான்' காதில் விழாத மாதிரி நானும் அம்மாவும் சாப்பிட்டோம். க்ராட்சிட் வீட்டு மேஜையில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குக் காசு குறைவில்லை, வேறு ஏதோ குறைந்தது. அது பெருந்தன்மையா பயமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மத விரோதம்.

மறுநாள் துவாதசி. கீழ்வீட்டு மாமி பாரணை முடித்துவிட்டு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படி ஏறி வந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "என்ன, நேத்திக்கு ஒரு சத்தத்தையும் காணோம்? பிரியாணி போடலையா? உங்களுக்குப் பெரிய பண்டிகையாச்சே" என்றார்.

அம்மா, "மூணு பேருக்கு எதுக்கு மாமி அவ்ளோ வேலை" என்றாள்.

மாமி போனதும் அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆவி சொன்ன பதிலை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக மாமியை முழுசாக விடுவித்துவிடவும் முடியவில்லை. வாடகை பேசும்போது அந்தக் கேள்வி கேட்கப்பட்டது அவர்கள் கூடத்தில்தான். மாமியும் அங்கே இருந்தார். ஆனால் நாங்கள் பாதியாக்கிய பட்டை கிராம்பை மாமி குறைக்கச் சொல்லவில்லை. எந்தக் கணக்கை யார் பேரில் எழுதுவது?

அடுத்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் அப்பா காலண்டரைக் கிழித்துப் பார்த்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி 14-ஆம் தேதியே முடிந்துவிடுகிறது, கிறிஸ்துமஸ் சனிக்கிழமை என்று அறிவித்தார். காந்தி மார்க்கெட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தார்.

"எதுக்கும் கீழ ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள் அம்மா.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"சொல்லணுமா, கேக்கணுமா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "நீங்க இருங்க, நான் போறேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.