ஒன்பது கேள்விகளில் இல்லாத கேள்வி

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் என் முதல் தெரபி அமர்வில் பேசினேன். எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் அத்தை, இன்னொன்றில் கணவரும் மகளும். கூடத்தில் டிவி. ஐம்பது நிமிடம் யார் காதிலும் விழாமல் அழுவதற்கு வேறு இடமில்லை. "தனியாக, வசதியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார் ஆலோசகர். கொசுவை அடித்தபடி, இருக்கிறேன் என்றேன்.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாடிக்கையாளர் அமெரிக்காவில். இரவு ஒன்பதரைக்குத் தொடங்கும் அழைப்பு பதினொன்றைத் தாண்டும். காலை ஐந்து மணிக்கு டிபன் பாக்ஸ் வேலை. போன் ஒலித்தாலே கை நடுங்கத் தொடங்கிய மாதத்தில்தான் மனிதவளத் துறையின் மின்னஞ்சல் வந்தது: ஊழியர் நலனுக்காக ஆறு அமர்வுகள் இலவசம், செயலியில் பதிந்துகொள்ளலாம்.

பதிந்ததும் செயலி ஒரு படிவத்தைக் காட்டியது. பி.எச்.க்யூ-9 என்பது அதன் பெயர். உலகெங்கும் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படுவது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒரு கதையை வாசிப்பதுபோல அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் ஒரே ஒரு பாத்திரம்தான் உண்டு: நான். தூக்கம் கெட்டிருக்கிறதா என்று கேட்கிறது. யார் தூங்கவிடவில்லை என்று கேட்கவில்லை. களைப்பா என்கிறது. எத்தனை மணி நேர வேலை என்று கேட்கவில்லை. மேலாளர், கணவர், அடுப்பு, அப்ரைசல் எதுவும் அந்தப் பிரதிக்குள் இல்லை.

படிவத்தைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அது ஒரு மருத்துவக் கருவி. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அதன் ஒன்பதாவது கேள்வி நேராகக் கேட்கிறது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. காய்ச்சல் அளக்கும் கருவியைக் கொடுத்துவிட்டு, காய்ச்சல் தரும் வேலையை அப்படியே வைத்திருக்கும் நிறுவனத்தைத்தான் கேள்வி கேட்கிறேன். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்' என்பதைப் பணியிடம் சார்ந்த நிகழ்வு என்று வரையறுத்தது. அதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் உள்ள கோளாறுக்கு என் மூளையில் மட்டும் சிகிச்சை நடந்தால் எப்படி?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983-இல் 'தி மேனேஜ்டு ஹார்ட்' நூலை எழுதினார். விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் கூலிக்கு விற்கப்படும் உழைப்பே என்று காட்டிய நூல் அது. என் வேலையும் அதுதான். கோபப்படும் வாடிக்கையாளரிடம் குழைய வேண்டும், அழும் ஜூனியரைத் தேற்ற வேண்டும், கத்தும் மேலாளர் முன் முகம் மாறாமல் நிற்க வேண்டும். இப்போது செயலி இன்னொன்றையும் சேர்த்தது: தினமும் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி, இரவில் நன்றிக் குறிப்பேடு. செய்யாத நாளில் நினைவூட்டல் வரும். 2019-ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவ்வேலை செய்யும் ஆண்களோ 97 நிமிடங்கள். அந்த 299-க்குப் பிறகு எனக்கு வந்த பத்து நிமிடத்தையும் 'சுயபராமரிப்பு' என்ற பெயரில் இன்னொரு வேலையாக்கிவிட்டார்கள்.

ஆனாலும் அந்த மாடியை நான் மறுக்கமாட்டேன். மருத்துவமனை வரிசையில் தெரிந்தவர் கண்ணில் பட்டிருந்தால் பாதியிலேயே திரும்பியிருப்பேன். ஆன்லைன் என்பதால்தான் பேசினேன். பணம் கட்டுவது நிறுவனம் என்பதால் மூன்று அமர்வுகள் வரை மேலாளரின் பெயரைச் சொல்லவே இல்லை.

நான்காவது அமர்வில் ஆலோசகர் படிவத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: "உங்க டீம்ல இன்னும் யாருக்கெல்லாம் தூக்கம் இல்ல?" பதில் தெரியவில்லை. மறுநாள் கேன்டீனில் கேட்டேன். "அக்கா, நானும் அதே செயலிதான். ஆறும் முடிஞ்சிருச்சு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தூக்க மாத்திரையில் இருந்தாள். ஒரே இரவு அழைப்பால் தூக்கம் கெட்ட நாங்கள் நான்கு பேரும் தனித்தனியாக, ரகசியமாக 'நோயாளிகளாக' இருந்திருக்கிறோம். நால்வரும் சேர்ந்து மின்னஞ்சல் எழுதினோம். வாரத்தில் மூன்று நாள் அழைப்பு காலைக்கு மாறியது. இரண்டு நாள் மாறவில்லை. அந்த வருட அப்ரைசலில் எனக்கு 'ஒத்துழைப்பு போதவில்லை' என்று எழுதப்பட்டது.

கடைசி அமர்வில் ஆலோசகரின் குரல் கம்மியிருந்தது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. அன்று நான் ஏழாவது ஆள் என்றும், அமர்வுக்கு இவ்வளவு என்றுதான் கூலி என்றும் தயங்கிச் சொன்னார். அவரும் எந்த அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தாரோ.

தாங்க முடியாதபோது உதவி கேளுங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேசி முடித்த பிறகு, பக்கத்து இருக்கைக்காரியிடம் என் ஆலோசகர் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.