ஊருக்கு ஒரு வைத்தியம்

ஜெஃப்ரி ரோஸ் என்கிற லண்டன் டாக்டர் 1985-ல் எழுதிய கட்டுரை ஒன்றை, பொது சுகாதாரம் படிப்பவர்கள் இன்றும் விடாமல் படிக்கிறார்கள். நீங்களும் படிக்கலாம். மிரட்டும் கணக்கு எதுவும் கிடையாது.

'இவருக்கு ஏன் ரத்தக்கொதிப்பு?' என்பது ஒரு கேள்வி. 'இந்த ஊரில் ஏன் இத்தனை பேருக்கு?' என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டியதில்லை என்கிறார் ரோஸ். ஊரில் அத்தனை பேரும் தினம் 20 சிகரெட் பிடித்தால், நுரையீரல் புற்றுநோயைப் பரம்பரை வியாதி என்றுதான் ஆராய்ச்சிகள் முடிவு கட்டுமாம். எல்லோரிடமும் இருக்கிற காரணம் யார் கண்ணிலும் படாது. அட, ஆமாம்ல!

அதனால் ஆபத்தில் இருக்கும் சிலருக்கு மாத்திரை கொடுத்தால் போதாது, ஊரின் பழக்கமே கொஞ்சம் மாறவேண்டும். இதில் ஊருக்கு லாபம் பெரிசு, உங்களுக்குத் தனியாகக் கிடைப்பது அற்பம். இந்தச் சங்கடத்தை மறைக்காமல் சொல்வதுதான் கட்டுரையின் அழகு.

ஒரு குறை. படித்து முடித்ததும், ஊரே ஒரே ஆளாக நகரும் என்பது போன்ற சித்திரம்தான் மனசில் நிற்கிறது. நிஜம் அப்படியில்லை. பிரிட்டனில் சிகரெட் பிடிப்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். ஆனால், வசதியானவர்கள் வேகமாக விட்டார்கள். உடலுழைப்புத் தொழிலாளர்களிடம் அந்தப் பழக்கம் இன்றும் கூடுதல். சராசரி இறங்கியது, இடைவெளி மிஞ்சியது.

அடுத்த தடவை 'நோய் குறைந்தது' என்று பேப்பரில் படித்தால், சந்தோஷப்படுங்கள். கூடவே 'யாருக்கு?' என்றும் கேட்டுவிடுங்கள்.