வளையத்துக்கு அடியில் லூசி

கூடைப்பந்து பார்க்கிறவர்களின் கண் இப்போது தூரத்துக்குப் பழகிவிட்டது. நடுக்கோட்டைத் தாண்டிய கையோடு பந்தை எறிந்து வளையத்தில் விழச் செய்கிறவருக்கு அரங்கமே எழுந்து நிற்கிறது. வளையத்துக்குப் பக்கத்தில் போடும் கூடைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. உயரம் இருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஓர் எண்ணம். அந்த எண்ணம் உள்ளவர்கள் 1970களில் அமெரிக்கக் கல்லூரி அணியில் லூசியா ஹாரிஸ் ஆடிய பழைய படச்சுருள்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உயரம் ஆறடி மூன்று அங்குலம். கல்லூரியில் சட்டை எண் 45. ஆடும் இடம் சென்டர். வளையத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்; அவருக்குப் பின்னால் எதிரணிக்காரி ஒருத்தி, சில நேரம் இரண்டு பேர், முழங்கையாலும் தொடையாலும் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். வளையத்துக்கு அடியில் கோடிட்ட கட்டத்துக்குள் தன் அணியிடம் பந்து இருக்கும்போது மூன்று விநாடிக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது என்பது விதி. அதனால் உயரமானவர் உள்ளே போய்க் குடியிருந்துவிட முடியாது. வெளியே வர வேண்டும், மறுபடி நுழைய வேண்டும், பந்து வருகிற அந்தக் கணத்தில் சரியான அடியில் கால் ஊன்றியிருக்க வேண்டும். லூசியின் ஆட்டத்தில் முதலில் ரசிக்க வேண்டியது இந்தக் கால்தான். ஓடுவது தெரியாமல் இடம் மாறுகிறார். பந்து கிளம்பும் முன்பே, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றுகொண்டிருக்கிறார்.

அடுத்தது கை. வாங்கிய பந்தை உயரத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் திருப்பி, பலகையில் மெல்லத் தொட்டுவிட்டால் போதும். சொல்லும்போது எளிது. முதுகில் இரண்டு பேர் சாய்ந்திருக்கும்போது விரல் நுனியை மட்டும் தளர்வாக வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது விளையாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடம்பு முழுக்க பலம், விரலில் மட்டும் மென்மை. அதிலும் அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆண்கள் ஆடிய அதே பெரிய பந்தைக் கொண்டுதான் ஆடினார்கள். பெண்களுக்கென்று சற்றுச் சிறிய பந்து வந்தது 1980களின் நடுவில்தான்.

ரீபவுண்டு இன்னும் அழகு. ஆட்டத்துக்குச் சராசரி 14.4 ரீபவுண்டு எடுத்தவர் அவர். தவறிய பந்து வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதை எறிந்தவரின் மணிக்கட்டைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும். மற்றவர்கள் எம்பி, இடித்து, பிடுங்குகிறார்கள். லூசியோ உறியிலிருந்து சட்டியை இறக்குகிறவர்போலப் பதறாமல் எடுக்கிறார்.

அந்தப் பதறாமை எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 1955 பிப்ரவரி 10 அன்று மிஸிஸிப்பி மாநிலத்தின் மின்டர் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தார். பெயரில்தான் சிட்டி, சுற்றிலும் பருத்திக் காடு. பதினொரு பிள்ளைகளில் பத்தாவது. வீட்டில் எல்லோரும் பருத்தி எடுத்தார்கள், இவரும் எடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், அதே லெஃப்ளோர் கவுண்டியில், மணி என்ற ஊருக்கு அருகே உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் கடத்திச் சென்று கொன்றார்கள். லூசி அப்போது கைக்குழந்தை. அந்த மண்ணில் ஒரு கறுப்பினப் பெண் குழந்தை எல்லோர் கண்ணிலும் படும் உயரத்துக்கு வளர்வது எளிய காரியமாக இருந்திருக்காது. பள்ளியில் அவரைக் கேலி செய்தார்கள். நெட்டை, அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக் கொல்லையில் இருந்த வளையத்தில் அண்ணன்மாரோடும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடும் ஆடித்தான் அந்த உயரம் ஒரு வேலைக்கு ஆகும் என்று கண்டுகொண்டார்.

இரவில் தூங்கப் போன பிறகு தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஓடும். வெளிச்சம் அம்மாவுக்குத் தெரியாமலிருக்கப் போர்வையைப் போட்டு மறைத்துக்கொண்டு பார்ப்பாராம். பார்த்தது ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற ஆட்டக்காரரை. ஊரில் முன்மாதிரியாகக் காட்ட ஒரு கூடைப்பந்துப் பெண் இல்லாத காலம். கிடைத்த ஒருவரைப் பிடித்துக்கொண்டார். 1992இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் லூசியைச் சேர்த்தபோது அவரை மேடையில் அறிமுகம் செய்து வைத்தவர் அதே ராபர்ட்சன். அந்த ஆண்டு லூசியும் நேரா வைட்டும்தான் அம்மன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் ஆட்டக்காரர்கள். கறுப்பினப் பெண்களில் லூசியே முதல்வர்.

லூசியை மட்டும் பேசிவிட்டு மார்கரெட் வேடைப் பேசாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். டெல்டா ஸ்டேட், மிஸிஸிப்பியின் கிளீவ்லண்ட் நகரில் உள்ள சிறிய கல்லூரி. 1930களின் தொடக்கத்தில் வேட் அங்கே மாணவி, கூடைப்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். இளம்பெண்களின் உடம்புக்கு இது தாங்காது என்று சொல்லி நிர்வாகம் பெண்கள் அணியையே கலைத்தது. பெண்கள் அழுதார்கள், தங்கள் ஆட்டச் சட்டைகளைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 1973இல், அதே கல்லூரி பெண்கள் அணியை மறுபடி தொடங்கியபோது அறுபது வயதான வேடைத்தான் பயிற்சியாளராக அழைத்தது. அமெரிக்கக் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த டைட்டில் நைன் சட்டம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த முதல் அணியில் சேர்ந்தவர் லூசி. அணியில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர்.

இழந்ததை நாற்பது வருடம் நெஞ்சில் வைத்திருந்த வெள்ளைக்காரக் கிழவியும், பருத்திக் காட்டிலிருந்து வந்த கறுப்பினப் பெண்ணும் மிஸிஸிப்பியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பருவத்தில் 28 ஆட்டம், 28 வெற்றி. லூசியின் நான்கு ஆண்டுகளில் மொத்தக் கணக்கு 109 வெற்றி, 6 தோல்வி. இடையில் தொடர்ச்சியாக 51 வெற்றிகள்.

1975 இறுதி ஆட்டத்தை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். எதிரில் பென்சில்வேனியாவின் இமாக்குலாட்டா. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய சிறிய பெண்கள் கல்லூரி. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் தேசியக் கோப்பை அவர்களுடையது. அவர்கள் ஆடும் இடத்தில் கன்னியாஸ்திரீகள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து தகர வாளிகளைத் தட்டி முழங்குவது வழக்கம். அப்படிப்பட்ட அணியை 90–81 என்று டெல்டா ஸ்டேட் வென்றது. லூசி எடுத்தது 32 புள்ளி, 16 ரீபவுண்டு. மறுவருடம் மறுபடியும் இமாக்குலாட்டா, மறுபடியும் வெற்றி. 1977இல் லூசியானா ஸ்டேட்டை வென்று மூன்றாவது கோப்பை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஓர் ஆட்டத்தில் 47 புள்ளி. சொந்த ஊரில் ஆண்கள் அணியைவிடப் பெண்கள் அணிக்குக் கூட்டம் அதிகமாக வந்தது. கல்லூரியின் ஹோம்கமிங் விழாவில் அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின மாணவியும் அவரே.

1976 மான்ட்ரியல். ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து நுழைந்தது 1936இல்; பெண்களுக்கு நாற்பது ஆண்டு காத்திருப்பு. ஆறு அணிகள். முதல் ஆட்டத்தில் அமெரிக்காவும் ஜப்பானும். அந்த ஆட்டத்தின் முதல் கூடையைப் போட்டவர் சட்டை எண் 7 அணிந்த லூசியா ஹாரிஸ். ஒலிம்பிக் வரலாற்றில் பெண்கள் போட்ட முதல் கூடை என்று அது பதிவாகியிருக்கிறது. யாராவது ஒருத்தி போட்டிருக்கத்தான் வேண்டும், அது இவராக அமைந்தது தற்செயல் என்று ஒருவர் வாதிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிய மேடை, படபடப்பான பத்து பெண்கள். பந்தை யாரிடம் கொடுத்தால் நிச்சயம் என்று ஒவ்வோர் அணியும் முதலில் தேடும். வளையத்துக்குப் பக்கத்தில் பதறாத ஒரு கை இருந்தால் பந்து அங்கேதான் போகும்.

அந்த ஆட்டத்தில் அமெரிக்கா 71–84 என்று தோற்றது. இதையும் சொல்லாமல் விடக் கூடாது. சோவியத் அணியோடு மோதியபோது எதிரில் நின்றவர் ஏழடி உயரமான உல்யானா செம்யோனோவா. வாழ்நாளெல்லாம் மற்றவர்களைக் கீழ்நோக்கிப் பார்த்து ஆடிய லூசி அன்று அண்ணாந்து பார்த்தார். அதிலும் படுதோல்வி. மற்ற மூன்று ஆட்டங்களை வென்று வெள்ளியோடு திரும்பினார்கள். அந்த அணியில் இருந்த பாட் ஹெட் பின்னாளில் பாட் சம்மிட் என்ற பெயரில் டென்னசியில் மாபெரும் பயிற்சியாளரானார். அதே அணியின் ஆன் மேயர்ஸ், நான்சி லீபர்மன் இருவரும் பிறகு பெரும் பெயர் எடுத்தார்கள். அந்தத் தொடரில் அணியிலேயே அதிகப் புள்ளியும் அதிக ரீபவுண்டும் எடுத்தவர் லூசி.

பிறகு 1977. ஆண்களின் என்பிஏ அணியான நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ், வீரர் தேர்வின் ஏழாவது சுற்றில், 137ஆவது இடத்தில், லூசியா ஹாரிஸ் பெயரை அறிவித்தது. 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னபோது அது செல்லாது என்று லீக் தள்ளிவிட்டது. ஆகவே முறையாக என்பிஏ தேர்வில் இடம்பெற்ற பெண் என்றால் லூசிதான். அவர் போகவில்லை. அந்த அழைப்பு விளம்பரத்துக்கானது என்று அவருக்குப் பட்டது. மணமாகியிருந்தது, முதல் குழந்தை வயிற்றில் இருந்தது. போயிருக்கலாமே என்று நம்மில் பலருக்கு மனம் அடித்துக்கொள்ளும். எனக்கு இந்த மறுப்பில் அவருடைய ஆட்டமே தெரிகிறது. தன் கால் ஊன்ற இடமில்லாத கட்டத்துக்குள் அவர் ஒருபோதும் நுழைந்ததில்லை.

ஆனால் அவர் நிற்பதற்கு வேறு இடமும் அன்று இல்லை. மனம் வலிப்பது இங்கேதான். பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று 1978 இறுதியில் தொடங்கியது. லூசி ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணியில் 1979–80 பருவம் ஆடினார். அந்த லீக் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இன்றைய பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ வந்தது 1997இல். இருபத்திரண்டு வயதில் உலகின் தலைசிறந்த சென்டர்களில் ஒருவராக இருந்தவருக்குப் போக அரங்கம் இல்லை. டெல்டா ஸ்டேட்டில் மாணவர் சேர்க்கைப் பணியும் துணைப் பயிற்சியும், டெக்ஸஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பணி, பிறகு கிரீன்வுட்டில் தான் படித்த அமாண்டா எல்சி பள்ளியிலேயே ஆசிரியர், பயிற்சியாளர் என்று வாழ்க்கை போயிற்று. நான்கு பிள்ளைகள், கடைசி இருவர் இரட்டைப் பெண்கள். இருமுனைய மனநோயோடு நெடுங்காலம் போராடினார். அதைப் பின்னாளில் மறைக்காமல் பேசினார்.

அந்தப் பேச்சைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. பென் ப்ரவுட்ஃபுட் இயக்கி 2021இல் வெளிவந்த ‘தி குவீன் ஆஃப் பாஸ்கெட்பால்’, 22 நிமிட ஆவணப்படம். பழைய ஆட்டக் காட்சிகள், இடையிடையே அறுபதைத் தாண்டிய லூசியின் முகம் மட்டும், மிக அருகில். வேறு யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை, அவரே சொல்கிறார். ஒவ்வொரு வெற்றியையும் சொல்லி முடித்ததும் ஒரு சிரிப்பு வருகிறது. தன்னைப் பற்றித் தானே பெருமையாகச் சொல்லிவிட்டோமே என்ற கூச்சமும், நடந்தது நடந்ததுதானே என்ற நிறைவும் கலந்த சிரிப்பு. என்பிஏவுக்குப் போகாததில் வருத்தம் உண்டா என்றால் துளியும் இல்லை என்கிறார். பிள்ளைகளின் படிப்பைச் சொல்லும்போது குரல் நிமிர்கிறது. நோயைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது, நிற்பதில்லை. 2022 ஜனவரி 18 அன்று அவர் மறைந்தார், 66 வயது. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 27 அன்று, அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஒரு குறை இன்னும் என்னை உறுத்துகிறது. 2024இல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் கல்லூரிப் பெண்களின் புள்ளிச் சாதனைகளை ஒவ்வொன்றாகக் கடந்தபோது செய்திகளில் பழைய பெயர்களின் வரிசை ஓடியது. அதிகாரப்பூர்வமான அந்த வரிசையில் லூசி இல்லை. காரணம், அவர் ஆடிய காலத்தில் பெண்கள் விளையாட்டை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற தனிச் சங்கம். இன்று கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ சங்கம் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியை நடத்தத் தொடங்கியது 1982இல். அதற்கு முந்தைய எண்களை அது தன் ஏட்டில் ஏற்றிக்கொள்ளவில்லை. சங்கம் வேறாக இருக்கலாம், தளம் அதே தளம், வளையம் அதே பத்தடி உயரத்தில்தான் இருந்தது. ஆட்டத்துக்கு 25.9 என்ற சராசரி எந்தக் காலத்திலும் பெரிய எண். ஏட்டைத் திருத்தி எழுத வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களோடு நானும் சேர்ந்து கேட்கிறேன். ஒரு வரிதான் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும்: லூசியா ஹாரிஸ், டெல்டா ஸ்டேட், 1973–1977, 2,981 புள்ளிகள்.